ராஜா தலை நோட்டிலிருந்து சிங்கத் தலை நோட்டு வரை

1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவில் செலவான நோட்டில் யார் படம் இருந்தது என்று கேட்டால், பலர் யோசிக்காமல் காந்தி என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சாரநாத் சிங்கங்கள் என்பார்கள். இரண்டும் தவறு. ஆறாம் ஜார்ஜ் மன்னர்தான் இருந்தார். கொடி இறங்கி வேறு கொடி ஏறிய பிறகும், நாசிக் அச்சகத்திலிருந்து ராஜா தலை போட்ட நோட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன.

சட்டப்படி பார்த்தால் இதில் முரண் எதுவும் இல்லை. 1950 ஜனவரி 26 வரை இந்தியா டொமினியன். பெயரளவில் மன்னரே நாட்டின் தலைவர். நடைமுறையில் பார்த்தாலும் அப்படித்தான். ஒரு நோட்டை மாற்றுவதென்றால் ஓவியர் ஒருவர் படம் வரைந்து கொடுப்பதோடு முடிவதில்லை. அச்சுத் தகடு புதிதாகச் செதுக்க வேண்டும். நீர்க்குறி, அதாவது வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் உருவம், தாளோடு சேர்ந்தே உருவாவது என்பதால் தாளையும் புதிதாகச் செய்தாக வேண்டும். நாசிக்கில் 1928 முதலே நோட்டு அடித்தார்கள். ஆனால் நோட்டுத் தாளுக்கென்று ஓஷங்காபாதில் சொந்த ஆலை வந்தது 1960-களின் இறுதியில்தான். அதுவரை தாள் கடல் கடந்து வந்தாக வேண்டும். இதற்கிடையில் நாட்டில் பணப்புழக்கம் ஒரு நாள்கூட நிற்க முடியாது. இருக்கிற தகட்டில், இருக்கிற தாளில் அடித்துக்கொண்டே போவதைத் தவிர வழியில்லை.

புதிதாக விடுதலை அடைந்த ஒரு நாட்டின் நோட்டுகளைச் சேகரிக்க இறங்குபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: நோட்டு எப்போதும் அரசியலுக்குப் பின்னால்தான் வரும். நாடு ஒரே இரவில் மாறும், நோட்டு மாற ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் அடிக்கப்பட்ட, ஒட்டுப்போட்ட, அவசரத்துக்குத் திருத்தப்பட்ட நோட்டுகளில்தான் சேகரிப்பின் சுவை இருக்கிறது. 'முதல் நோட்டு' ஒன்றை வாங்கி ஆல்பத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்பவர் கதையின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார் என்பது என் கட்சி.

ராஜா தலை நோட்டிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர் சி.டி.தேஷ்முக். 1943 ஆகஸ்டில் பதவிக்கு வந்து 1949 ஜூன் வரை இருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட நோட்டுகள் விடுதலைக்கு முன்னும் வந்தன, பின்னும் வந்தன. படம் அதேதான், கையெழுத்தும் அதேதான், நோட்டில் தேதியும் கிடையாது. ஆகவே "இது சுதந்திர இந்தியாவில் அடித்த ராஜா தலை நோட்டு" என்று யாராவது விலையைக் கூட்டிச் சொன்னால், வரிசை எண்ணின் முன்னெழுத்தை வைத்து அவர் அதை நிறுவ வேண்டும். வெறும் தேஷ்முக் கையெழுத்து எதையும் நிறுவாது.

சரி, சிங்கம் எப்படி வந்தது? மன்னர் படத்துக்குப் பதிலாக முதலில் யோசித்தது காந்தி படத்தைத்தான். அதற்கான வடிவமைப்புகள்கூடத் தயாராயின. ஆனால் கடைசியில் சாரநாத் அசோகத் தூணின் சிங்க முகப்பு போதும் என்று முடிவாயிற்று. மற்றபடி நோட்டின் அமைப்பு பெரும்பாலும் பழைய வழியிலேயே இருந்தது. காந்தி நோட்டுக்கு வந்தது 1969-ல், அவருடைய நூற்றாண்டுக்கு. சேவாகிராம் குடிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கோலத்தில் அச்சிட்டார்கள். இன்று நாம் பார்க்கும் காந்தி வரிசை 1996-ல்தான் தொடங்குகிறது. அதாவது சுதந்திர இந்தியாவின் முதல் ஐம்பது ஆண்டுகளில் பெரும்பகுதி, காந்தி இல்லாத நோட்டுகளோடுதான் ஓடியது.

சிங்கம் முதலில் தலைகாட்டியது 1949-ல் வந்த ஒரு ரூபாய் நோட்டில். சேகரிப்பாளர்கள் இதைக் கே.ஆர்.கே.மேனன் நோட்டு என்று சொல்வார்கள். கையெழுத்துப் போட்டவர் அன்றைய நிதிச் செயலர் மேனன். கவர்னர் ஏன் போடவில்லை என்றால், ஒரு ரூபாய் நோட்டு ரிசர்வ் வங்கியுடையதே இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940-ல், வெள்ளித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஒரு ரூபாய் நோட்டை மறுபடி இறக்கினார்கள். அதை ரூபாய் நாணயத்துக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று அவசரச் சட்டம் போட்டார்கள். நாணயம் அடிப்பது அரசின் வேலை. அதனால் அந்த நோட்டில் 'இந்திய அரசு' என்று இருக்கும், நிதிச் செயலர் கையெழுத்து இருக்கும், "தர உறுதியளிக்கிறேன்" என்ற வாசகம் இருக்காது. சட்டத்தின் கண்ணில் அது காகிதத்தில் அடித்த நாணயம்.

ஆகவே சுதந்திர இந்தியாவின் முதல் நோட்டு எது என்ற கேள்விக்கு இரண்டு விடை உண்டு. அரசு வெளியிட்டதில் முதலாவது 1949-ன் மேனன் நோட்டு. ரிசர்வ் வங்கி வெளியிட்டதில் முதலாவது 1950-ல் வந்த 2, 5, 10, 100 ரூபாய் வரிசை. பின்னதில் கையெழுத்து அன்றைய கவர்னர் பி.ராமராவுடையது. விற்பவர்கள் இரண்டையும் 'முதல் நோட்டு' என்றே சொல்வார்கள். அவரவர் கணக்கில் அது சரிதான்.

1950 வரிசையில் மேய்ந்து பார்க்க நிறைய இருக்கிறது. பத்து ரூபாயின் பின்பக்கத்தில் பழைய ராஜா தலை நோட்டிலிருந்த பாய்மரக் கப்பலை அப்படியே விட்டுவிட்டார்கள். நூறு ரூபாயில் இரண்டு யானைகள். இந்தி எழுத்துகள் இந்த முதல் வரிசையில் அடக்கமாகத்தான் இருக்கும். 1953-ல் வந்த புதிய நோட்டுகளில் அவை எடுப்பாக வந்தன. அதோடு 'ருபயா' என்பதற்குப் பன்மை எப்படி எழுதுவது என்ற சர்ச்சையும் எழுந்து, 'ருபயே' என்று தீர்ந்தது. இதனால் ஒரே மதிப்பு, ஒரே கவர்னர், ஒரே படம் இருந்தும் இந்திச் சொல் மட்டும் மாறிய இரண்டு வகைகள் கிடைக்கின்றன. பட்டியல் நூல்கள் இவற்றைத் தனித்தனி எண்ணில் வைக்கின்றன. மொழிப் பட்டியலில் நம் தமிழ் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இடம்பெற்று வந்தது, சிங்க நோட்டிலும் தொடர்ந்தது.

கையெழுத்து விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. கே.ஜி.அம்பேகாவ்ங்கர் 1957 தொடக்கத்தில் ஒன்றரை மாதம்தான் கவர்னராக இருந்தார். அவர் கையெழுத்து வேண்டுமென்றால் கவர்னர் நோட்டுகளில் துழாவிப் பயனில்லை, 1951 ஆண்டு போட்ட ஒரு ரூபாய் நோட்டை எடுக்க வேண்டும். அப்போது அவர் நிதிச் செயலர்.

பெரிய மதிப்பு நோட்டுகள் தனிக் கதை. கறுப்புப் பணத்தைச் சாக்காகக் காட்டி 1946 ஜனவரியில் பெரிய நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியிருந்தார்கள். 1954-ல் சிங்க முகப்போடு 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகளை மறுபடி கொண்டுவந்தார்கள். ஆயிரம் ரூபாயின் பின்பக்கத்தில் இருப்பது தஞ்சைப் பெரிய கோயில். ஐயாயிரத்தில் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா. 1978 ஜனவரியில் இவற்றையும் செல்லாதவை ஆக்கினார்கள். ஒரு கணக்கு எளிது: மதிப்பு கூடக் கூட, வைத்திருந்தவர் அதை வங்கியில் மாற்றாமல் விட்டிருக்கும் வாய்ப்பு குறையும். அதனால்தான் தஞ்சைக் கோயில் நோட்டு இன்று சாதாரணச் சேகரிப்பாளரின் கைக்கு எட்டுவதில்லை. பத்தாயிரம் பற்றிப் பேசவே வேண்டாம்.

இந்த இடைவெளிக் காலத்தின் மிகச் சிறந்த நோட்டு எது என்று என்னைக் கேட்டால், இந்தியாவுக்காக அடித்தது எதையும் சொல்ல மாட்டேன். நாசிக்கில் பாகிஸ்தானுக்காக அடித்த நோட்டுதான்.

பிரிவினையின்போது பாகிஸ்தானுக்கு மத்திய வங்கி இல்லை, அச்சகமும் இல்லை. அதனால் இந்திய ரிசர்வ் வங்கியே 1948 செப்டம்பர் இறுதி வரை இரண்டு நாடுகளுக்கும் பொதுவாகப் பணம் வெளியிடும் என்று ஏற்பாடு செய்தார்கள். 1948 மார்ச் வரை பாகிஸ்தானில் வழக்கமான இந்திய நோட்டே செல்லுபடியானது. ஏப்ரல் 1 முதல் தனி அடையாளம் போட்ட நோட்டுகள் வெளியாயின: 1, 2, 5, 10, 100 ரூபாய். எல்லாம் ஆறாம் ஜார்ஜ் நோட்டுகள். அதில் நீர்க்குறி இருக்கும் வெற்றிடத்துக்கு மேலே ஆங்கிலத்தில் 'பாகிஸ்தான் அரசு' என்றும், கீழே உருதுவில் 'ஹுகூமத்-ஏ-பாகிஸ்தான்' என்றும் சேர்த்தார்கள். கையெழுத்து இந்திய அதிகாரிகளுடையது. இந்த நோட்டுகளை இந்தியாவில் கொடுத்து மாற்ற முடியாது.

அன்றைய சூழலை நினைத்தால் இந்த நோட்டு இன்னும் விசித்திரமாகத் தெரியும். பொதுக் கஜானாவில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய் என்று முடிவாகியிருந்தது. 20 கோடி முன்பே போய்விட்டது. மீதி 55 கோடியை காஷ்மீர்ச் சண்டையைக் காரணம் காட்டி இந்தியா நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரியில் காந்தி உண்ணாவிரதம் இருந்த வேளையில்தான் அதைத் தருவதென்று முடிவு செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில், சண்டை ஓயாத நிலையிலேயே, ஒரு நாட்டின் அச்சகத்திலிருந்து மறு நாட்டின் பெயர் பொறித்த நோட்டு வெளிவந்தது. ஒரு ரூபாய் நோட்டில் ஒரே பக்கத்தில் 'இந்திய அரசு', 'பாகிஸ்தான் அரசு' இரண்டும் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால், பாகிஸ்தான் பெயர் தாங்கிய இரண்டு வரிகளுக்கு நடுவே நீர்க்குறியில் மன்னர் எழும்புவார். மூன்று அரசுகள் ஒரே துண்டுக் காகிதத்தில்.

பாகிஸ்தான் ஸ்டேட் வங்கியை ஜின்னா 1948 ஜூலை 1-ல் கராச்சியில் திறந்துவைத்தார். ரிசர்வ் வங்கியின் பொறுப்பு அதோடு, திட்டமிட்டதற்கு மூன்று மாதம் முன்பே, முடிந்தது. லண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சடித்த 5, 10, 100 ரூபாய் சொந்த நோட்டுகள் அக்டோபர் 1-ல் வந்தன. அவற்றில் பிறையும் நட்சத்திரமும்தான், தலைவர் படம் இல்லை. ஜின்னா படம் 1957-ல் நூறு ரூபாய் நோட்டில் வந்தபோது மதத் தலைவர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. இரண்டு நாடுகளுமே தங்கள் தலைவரை நோட்டில் ஏற்ற ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன என்பது கவனிக்க வேண்டியது.

நாசிக்கில் அடித்த அந்தப் பாகிஸ்தான் நோட்டுகளைச் சேகரிப்பாளர்கள் 'ஓவர்பிரின்ட்' (மேலச்சு) என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையில் அந்த வரிகளை அச்சடித்து முடிந்த நோட்டின் மேல் முத்திரையாகக் குத்தவில்லை, அச்சுத் தகட்டிலேயே செதுக்கிச் சேர்த்தார்கள். இது போலியைப் பிடிக்க உதவும் செய்தி. சாதாரண ராஜா தலை நோட்டு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு வரி அடித்துவிட்டால் விலை பல மடங்கு. எனவே இந்த வகையில் கள்ளம் அதிகம். பார்க்க வேண்டியது மை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை. நோட்டு மடிந்து, அழுக்கேறி, பல கை மாறிய பிறகு அடித்த எழுத்தில் மை மடிப்புக் கோட்டுக்குள் இறங்கியிருக்கும், அழுக்கின் மேல் படர்ந்திருக்கும். தகட்டோடு சேர்ந்து வந்த எழுத்து நோட்டின் மற்ற எழுத்துகள் தேய்ந்த அளவுக்குத் தானும் தேய்ந்திருக்கும். நோட்டு முழுவதும் கசங்கி, 'பாகிஸ்தான் அரசு' மட்டும் பளிச்சென்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்னெழுத்தையும் பட்டியல் நூலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்திய பிறகு விலை பேசலாம்.

அன்றைய இந்திய எல்லைக்குள்ளும் பணம் ஒன்றாக இல்லை. ஐதராபாத் 1948 செப்டம்பரில் இணைந்த பிறகும் நிஜாமின் உஸ்மானியா சிக்கா நோட்டுகள் உடனே மறையவில்லை. ஏழு ஐதராபாத் ரூபாய்க்கு ஆறு இந்திய ரூபாய் என்ற விகிதத்தில் இரண்டும் சேர்ந்தே புழங்கின. 1959-ல்தான் நிஜாம் பணம் முழுதாக விடைபெற்றது. புதுச்சேரியில் 1954-ல் நிர்வாகம் கைமாறும் வரை இந்தோசீன வங்கியின் பிரெஞ்சு 'ருப்பி' நோட்டு. கோவாவில் 1961 டிசம்பர் வரை போர்த்துகீசியப் பணம். பர்மாவுக்கும் ரிசர்வ் வங்கிதான் 1947 வரை நோட்டு வெளியிட்டது. அங்கே பர்மாவில் மட்டும் செல்லும் என்று மேலச்சிட்ட இந்திய நோட்டுகள் தனி வரிசை. இவை ஒவ்வொன்றிலும் ஒன்றேனும் இல்லாத சேகரிப்பை 'விடுதலைக்கால இந்தியா' என்று அழைக்க எனக்கு மனம் வராது.

கடைசியாக, கொஞ்சம் தள்ளிப் போய் 1959. அரபு வளைகுடா நாடுகள் அப்போதும் இந்திய ரூபாயில்தான் வியாபாரம் செய்துகொண்டிருந்தன. அங்கே ரூபாய் கொடுத்துத் தங்கம் வாங்கி இந்தியாவுக்குள் கடத்துவார்கள். அங்கே சேர்ந்த ரூபாய் வங்கிகள் வழியாகத் திரும்பி வந்து பவுண்டாக மாற்றச் சொல்லிக் கேட்கும். இந்தியாவின் அந்நியச் செலாவணி இப்படி ஒழுகியது. அடைப்பதற்காக, இந்தியாவுக்கு வெளியே மட்டும் செல்லும் நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. ஒன்று, பத்து இரண்டும் சிவப்பு, ஐந்து ஆரஞ்சு, நூறு பச்சை. முன்னெழுத்து 'இசட்'. ஹஜ் பயணிகளுக்கென்று 'எச்ஏ' முன்னெழுத்தோடு 10, 100 ரூபாய் தனியாக. குவைத் 1961-லும், பஹ்ரைன் 1965-லும் சொந்த தினாருக்குப் போய்விட்டன. 1966 ஜூனில் இந்தியா ரூபாய் மதிப்பைக் குறைத்ததும் பெரும்பாலான மற்றவையும் விலகின. புழக்கத்தில் இருந்த காலமும் குறைவு, திரும்பப் பெற்றதும் ஒழுங்காக நடந்தது. அதனால் இன்று கிடைப்பது அரிது. ஹஜ் நோட்டு அதைவிட அரிது.

அப்புறம், வாங்குவது பற்றி. நோட்டின் விலையைத் தீர்மானிப்பது வயது இல்லை, நிலை. ஒரே மேனன் நோட்டு நாலாக மடிந்து ஓரம் கிழிந்திருந்தால் ஒரு விலை, மடிப்பே இல்லாமல் மொடமொடவென்று இருந்தால் அதற்குப் பல மடங்கு. இந்திய நோட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. நூறு நோட்டுகளைக் கட்டி ஸ்டேப்பிள் அடித்துத்தான் வங்கிகள் கொடுக்கும். 2001-ல் ரிசர்வ் வங்கி இதை நிறுத்தச் சொல்லும் வரை அதுதான் வழக்கம். ஆகவே கை படாத நோட்டிலும் இடது ஓரத்தில் ஊசித் துளை இருக்கும். வெளிநாட்டுத் தரநிர்ணய நிறுவனங்கள்கூட, வெளியிடும்போதே இருந்த துளை என்று குறிப்பு எழுதி ஏற்றுக்கொள்கின்றன. துளையே இல்லாத பழைய நோட்டைப் பார்த்தால் மகிழ்வதற்கு முன் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கழுவி, இஸ்திரி போட்டு 'புதிதாக்கிய' நோட்டுகளும் சந்தையில் சகஜம். மடிப்புக் கோடு கண்ணுக்கு மறைந்தாலும் சாய்வான வெளிச்சத்தில் தெரிந்துவிடும். தகட்டு அச்சுக்கே உரிய மேடு தட்டையாகியிருக்கும், நிறம் வெளுத்திருக்கும். வாங்கியதை வீட்டில் வைக்கும்போது செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையை இழுக்கும், பாலியெஸ்டர் உறை போதும். ஈரமும் வெயிலும் படாத இடமாக இருக்க வேண்டும்.

பழைய நோட்டு வைத்திருந்தால் லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி பெயரைப் பயன்படுத்தி, விற்றுத் தருவதற்குக் கட்டணம், கமிஷன், வரி என்று கேட்டுப் பணம் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு வாங்கி விற்கும் வேலையை ரிசர்வ் வங்கி செய்வதில்லை, வேறு யாரிடமும் ஒப்படைக்கவும் இல்லை. உண்மையாக வாங்குபவர் உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டார்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் தேஷ்முக் கையெழுத்துள்ள ராஜா தலை ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ ஒன்று. அடுத்து மேனன் ஒரு ரூபாய். அப்புறம் ராமராவ் இரண்டு ரூபாயில் ஒன்று, முடிந்தால் இந்தி மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த இரண்டும். இவற்றைக் கையில் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தாளும் மையும் விரலுக்குப் பழகிய பிறகு, பாகிஸ்தான் எழுத்துள்ள நோட்டுக்குப் போகலாம். அதிலும் முதலில் சிறிய மதிப்பு. நூறு ரூபாயை நம்பகமான ஏலத்தில் மட்டும் பார்ப்பது நல்லது.